கோடி அற்புதர் துறவாடை மாற்றிய ஊரில்

பாத்திமா அன்னையைத் தரிசிக்கச் செல்லும் நம் நாட்டுத் திருப்பயணிகள், லிஸ்பன் நகரில் விமானத்தை விட்டு இறங்கி, பேருந்தில் ஏறி, திருத்தலத்தில் இரண்டு இரவு தங்கி, மெழுகுவர்த்திப் பவனியில் பங்குபற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவதே வழக்கம். வடக்கு நோக்கி இன்னும் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகப் பயணம் செய்தால் கொயிம்பிரா என்னும் பழம்பெரும் நகரம் இருப்பதைப் பலர் அறியார். அறிந்தவர்களும், "அங்கே என்ன புதுமை நடந்தது?" என்று கேட்டு விட்டுவிடுகிறார்கள். நம் பங்கிலிருந்து புறப்பட்ட 40 பேரையும் அங்கே அழைத்துச் செல்ல நாம் விரும்பியபோது நமக்கும் இதே கேள்விதான் வந்தது. "கோடி அற்புதர் துறவியான ஊர் அம்மா அது, நமக்குத் தமிழில் முதல் செபப்புத்தகம் அச்சடித்துத் தந்த சாமியார் சேசு சபையில் சேர்ந்ததும் அங்கேதான்" என்று சொன்ன பிறகே அனைவரும் இசைந்தனர்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் பங்கில் இரண்டு தெருக்கள். இரண்டு தெருவாரும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள். ஆனால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. எப்போது யார் எழுப்பியது என்பதை இப்போது ஒருவரும் சொல்ல முன்வருவதில்லை. திருப்பயணத்திலும் இரு தெருவாரும் வந்தனர். பேருந்தில் வலப்புறம் ஒரு தெரு, இடப்புறம் மறு தெரு என்று அவர்களாகவே அமர்ந்துகொண்டனர். நாம் ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்து செபமாலையைத் தொடங்கினால் இரு பக்கமிருந்தும் பதில் ஒரே குரலாகத்தான் வரும். பிறகு அமைதி.

மொண்டேகு நதியின் பாலத்தை அடையும்போதே கொயிம்பிரா முழுவதும் கண்முன் எழுந்து நிற்கிறது. நதிக்கரையிலிருந்து ஒரு குன்று நெட்டுக்குத்தாக உயர, அதன்மீது படிப்படியாக வெள்ளைச் சுவர்களும் செவ்வோட்டுக் கூரைகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் இப்படிப்பட்ட குன்றின் உச்சியில் ஒரு கோட்டை இருக்கும். இல்லையேல் ஒரு கோவில் இருக்கும். இங்கே உச்சியில் நிற்பது பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு. முன்பு அரசர்களின் அரண்மனையாயிருந்த இடம் அது. உரோமையர் காலத்தில் இவ்வூரின் பெயர் எமீனியம். ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் கொனிம்பிரிகா என்னும் உரோமைப் பட்டணம் ஒன்று இருந்தது. அது அழிவுற்றபின், ஆறாம் நூற்றாண்டின் இறுதியில், அதன் ஆயர் தம் இருக்கையை எமீனியத்திற்கு மாற்றிக்கொண்டார். ஆயர் பெயர்ந்தபோது ஊர்ப் பெயரும் கூடவே பெயர்ந்து வந்துவிட்டது. அதுவே திரிந்து கொயிம்பிரா ஆயிற்று. 1064-ஆம் ஆண்டில் இந்நகர் முகமதியரிடமிருந்து நிலையாக மீட்கப்பட்டது. போர்த்துக்கல் தனிநாடான தொடக்க காலத்தில், 1255 வரை, இதுவே அந்நாட்டின் தலைநகர்.

நகரின் பழைய மதில் வாயிலைக் கடந்து மேலே ஏறும் படிக்கட்டுத் தெருவுக்கு அவ்வூர் மொழியில் "முதுகொடிப்பான்" என்று பொருள்படும் பெயர் இட்டிருக்கிறார்கள். பொய்யில்லை. முழங்கால் வலியுள்ள நம் தாய்மார்கள் மூன்று இடத்தில் அமர்ந்து எழுந்தே அதை ஏறி முடித்தார்கள். ஏறியதும் எதிரே நிற்கிறது பழைய பேராலயம். முதல் பார்வையில் அதைக் கோவில் என்று சொல்ல மனம் வராது. உயர்ந்த தடித்த கற்சுவர், மேலே கோட்டைக்கு இருப்பது போன்ற பல்வரிசை மதில் விளிம்பு, அம்பு எய்யும் துளைகள் போன்ற குறுகிய ஜன்னல்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில், எல்லைப்புறம் இன்னும் அமைதி அடையாத நாளில் எழுந்த கட்டடம்; எந்த நேரமும் பகைவர் வரலாம் என்று எண்ணிக் கட்டியிருக்கிறார்கள். நாட்டின் இரண்டாம் அரசரான முதலாம் சாஞ்சோ 1185-இல் முடிசூடியது இங்கேதான். உள்ளே புகுந்தால் அரையிருள். அந்த அரையிருளின் முடிவில், நடுப்பீடத்தின் பின்னே பொன் பூசிய மரச்சிற்ப வேலைப்பாடு ஒன்று சுவர் முழுவதையும் நிறைத்து எரிவது போல் ஒளிர்கிறது. பெல்ஜிய நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு சிற்பிகள், 15-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் தொடங்கிச் சில ஆண்டுகளில் செய்து முடித்தது. நடுவில் தேவமாதா விண்ணேற்பு. நம் குழுவினர் பேச்சற்று நின்றனர். ஒருவர் மட்டும், நம் கோவில் பீடத்திற்கு வர்ணம் அடித்த செலவை நமக்கு நினைவூட்டினார்.

திருச்சிலுவை மடம் கீழ்நகரில் இருக்கிறது. 1131-இல் தொடங்கப்பெற்ற இம்மடத்தில் புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றிய குருக்கள் வாழ்ந்தனர். மடத்தின் முதல் தலைவரான தெயோத்தோனியுசு, போர்த்துக்கல் நாட்டவருள் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர். நாட்டின் முதல் அரசரான அப்போன்சு என்றீக்கஸும் அவர் மகன் சாஞ்சோவும் நடுப்பீடத்தின் இருமருங்கிலும் கல்லில் செதுக்கிய கல்லறைகளில் துயில்கின்றனர். தந்தையும் மகனும் ஒரே பீடத்தின் இரு புறத்தில், ஒருவரையொருவர் நோக்கியபடி. கோவிலின் முகப்பு மென்மையான சுண்ணாம்புக் கல்லாலானது. மழையும் காற்றும் அரித்துச் சுரூபங்களின் முகங்கள் பல இடங்களில் தேய்ந்திருக்கின்றன.

ஆனால் நாம் அங்கே தேடிச் சென்றது அரசர்களை அல்ல. லிஸ்பன் நகரில் 1195-இல் பிறந்து, பெர்னாந்து என்று திருமுழுக்குப் பெயர் கொண்ட ஓர் இளைஞர், முதலில் அந்நகரிலேயே இருந்த அகுஸ்தீன் சபை மடமொன்றில் சேர்ந்தார். உறவினரும் நண்பரும் ஓயாமல் பார்க்க வந்து அமைதியைக் குலைத்தமையால், தம்மைத் தொலைவுக்கு அனுப்பும்படி வேண்டிக்கொண்டார். அவ்வாறு 1212-ஆம் ஆண்டையொட்டி அவர் வந்து சேர்ந்த இடம் இந்தத் திருச்சிலுவை மடம். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இங்கே வேதாகமத்தையும் திருச்சபைத் தந்தையரின் நூல்களையும் கற்றார். பின்னாளில் இத்தாலியையும் பிரான்சையும் அசைத்த அவரது மறையுரைகளுக்கு விதை விழுந்தது இந்தச் சுவர்களுக்குள்ளேதான். குருப்பட்டமும் இங்கேயே பெற்றார் என்பது மரபு.

அப்போது அசிசியாரின் சிறிய சகோதரர்கள் இந்நாட்டில் புதியவர்கள். கிழிந்த அங்கியுடன் மடத்து வாயிலில் வந்து உணவு இரந்து செல்வார்கள். அவர்களுள் ஐவர் மொராக்கோ நாட்டிற்கு வேதம் போதிக்கச் சென்றனர். 1220 ஜனவரி 16-ஆம் நாள் மராக்கேசு நகரில் தலை வெட்டுண்டு வேதசாட்சிகளாயினர். அவர்களுடைய திருப்பண்டங்கள் கொயிம்பிராவுக்குக் கொண்டுவரப்பட்டு, இதே திருச்சிலுவைக் கோவிலில் வைக்கப்பட்டன; இன்றும் இங்கேதான் இருக்கின்றன. அவற்றின் எண்ணூறாம் ஆண்டை இம்மறைமாவட்டம் 2020-இல் யூபிலியாகக் கொண்டாடியது. அந்தச் சடலங்கள் வந்து இறங்கியதைக் கண்ட பெர்னாந்து அடிகளாரின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு வயது 25. பெரிய மடம், சிறந்த நூலகம், அரசர்களின் ஆதரவு, கற்றோர் நடுவில் மதிப்பு. வாயிலில் வந்து இரந்தவர்களோ தலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். மொராக்கோவுக்கு அனுப்புவதாயின் உங்கள் சபையில் சேருகிறேன் என்று அவர் சிறிய சகோதரர்களிடம் சொல்லி, வெள்ளை அங்கியைக் களைந்து முரட்டுத் துணியை உடுத்துக்கொண்டார்.

இதை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, செவ்வாய்க்கிழமை நவநாள் ஒன்றும் தவறவிடாத ஒரு மூதாட்டி குறுக்கிட்டார்.

"அப்போ நம்ம கோடி அற்புதர் மொதல்ல வேற சபையா சாமி?"

"ஆமாம்மா."

"அந்தச் சபைக்காரங்க கோவிச்சுக்கலையா?"

கோபித்துக்கொண்ட ஒருவர் உண்டு என்பது மரபுக் கதை. நீ போய்ப் பெரிய புனிதனாகிவிடு என்று மடத்துத் துறவி ஒருவர் ஏளனமாகச் சொன்னாராம். அப்படி ஆனால் நீர் கடவுளைப் புகழ்வீர் என்று இவர் சாந்தமாகப் பதில் சொன்னாராம். பதினொரு ஆண்டில் பதுவை நகருக்கு அருகே இவர் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டே, 1232-இல், புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டது.

அவர் துறவாடை மாற்றிய இடத்திற்கும் சென்றோம். நகருக்கு வெளியே ஒலிவத் தோப்புகள் நடுவில் இருந்த சிறு ஆசிரமம் அது. இப்போது நகர் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. படிக்கட்டின் ஓரங்களில் ஆண்டவரின் பாடுகளைச் சித்திரிக்கும் சிற்றாலயங்கள். மேலே அந்தோணியார் பெயரால் ஒரு பங்குக் கோவில். அந்த ஆசிரமம் அன்று, எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் தவம் செய்த பழைய அந்தோணியாருக்கு, அதாவது நம் மக்கள் "வனத்து அந்தோணியார்" என்று அழைக்கும் புனிதருக்கு, நேர்ந்தளிக்கப்பட்டிருந்தது. பெர்னாந்து அடிகளார் தம் பெயரை மாற்றிக்கொண்டபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். ஜனவரி 17-இல் வனத்து அந்தோணியாருக்குப் பொங்கலிட்டு அசனம் நடத்தும் நம் மக்களுக்கு, கோடி அற்புதரின் பெயர் இந்த வனத்து ஐயாவிடமிருந்துதான் வந்தது என்று அறிந்ததில் அளவற்ற மகிழ்ச்சி. இரண்டு பேரில் யார் பெரியவர் என்று ஊரில் நெடுநாளாக நடந்துவந்த ஒரு வழக்கும் அத்துடன் தீர்ந்தது என்றே நம்புகிறோம்.

திருச்சிலுவைக் கோவிலை ஒட்டியே ஒரு காப்பிக்கடை உண்டு. உள்ளே நுழைந்து நாற்காலியில் அமர்ந்து தலை நிமிர்ந்த பின்புதான், மேலே கல் விலா எலும்புகள் பின்னிய கோவில் கூரை தெரிகிறது. உண்மையில் அது பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய பங்குக் கோவில்தான். 1834-இல் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளை ஒழித்து மடங்களைப் பறிமுதல் செய்தது. திருச்சிலுவை மடத்தின் பெரும்பகுதியும் துறவியர் கையை விட்டுப் போய், இன்று நகராட்சி மன்றம் அவ்விடத்தில் இருக்கிறது. பங்குக் கோவிலாயிருந்த கட்டடம் பல கை மாறி, 1923 முதல் காப்பிக்கடையாக இருந்துவருகிறது. நாமும் அங்கே ஒரு கோப்பை காப்பி அருந்தினோம். காப்பி நன்றாகவே இருந்தது. பீடம் இருந்திருக்கக்கூடிய பக்கமாக மட்டும் நாம் முதுகைக் காட்டி அமரவில்லை.

மறுநாள் காலை நதியின் மறுகரைக்குச் சென்றோம். அங்கே நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்த நிலத்தில், கூரையின் உயரத்திற்கு ஏறக்குறையப் பாதி புதைந்ததுபோல் ஒரு பழைய கோவில் நிற்கிறது. குன்றின்மேல் அதே பெயரில் இன்னொரு பெரிய மடம் நிற்கிறது. கீழே உள்ளது பழைய கிளாரம்மாள் மடம். மேலே உள்ளது புதிய கிளாரம்மாள் மடம். பழையதை எழுப்பியவர் இராணி எலிசபெத்தம்மாள். அராகோன் அரசரின் மகளாய் 1271-இல் பிறந்து, சிறு வயதிலேயே போர்த்துக்கல் அரசர் தினிசுக்கு மணமுடிக்கப்பட்டவர். அரசர் கல்வியை வளர்த்தவர், கவி பாடுபவர். இல்லறத்தில் மட்டும் உண்மையாக நடந்துகொள்ளவில்லை. வேறு பெண்டிர் வயிற்றில் அவருக்குப் பிறந்த பிள்ளைகளையும் இராணி தம் பிள்ளைகளைப் போல வளர்க்க ஏற்பாடு செய்தார். அப்பிள்ளைகளுள் ஒருவனுக்கு அரசர் அதிகம் இடம் கொடுத்தார் என்று, இராணியின் சொந்த மகன் அப்போன்சு தந்தையின் மேலேயே படையெடுத்தான். லிஸ்பனுக்கு அருகே இரு படைகளும் எதிரெதிரே அணிவகுத்து நின்றபோது, இராணி ஒரு கோவேறு கழுதையின்மீது ஏறி நடுவில் புகுந்தார் என்பது அந்நாட்டார் மறவாத நிகழ்ச்சி. அம்பு விடுகிறவன் எவன்? ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் மகன்.

1325-இல் கணவர் இறந்தபின், எலிசபெத்தம்மாள் தாம் கட்டிய கிளாரம்மாள் மடத்தின் அருகே ஒரு வீட்டில், பிரான்சிஸ்கு மூன்றாம் சபையின் உடையில், ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஊழியம் செய்து வாழ்ந்தார். 1336-இல் மகனுக்கும் கஸ்தீல் நாட்டு அரசனுக்கும் போர் மூண்டது. அந்த அரசனோ இராணியின் மகள் வயிற்றுப் பேரன். கோடை வெயிலில், 65 வயதில், சமாதானம் செய்துவைக்கப் புறப்பட்டுச் சென்று, எஸ்திரமோசு என்னும் ஊரில் நோய்வாய்ப்பட்டு ஜூலை 4-ஆம் நாள் உயிர் விட்டார். உடலைக் கொயிம்பிராவுக்குக் கொண்டுவந்தனர். 1625-இல் புனிதர் பட்டம். ஏழைகளுக்குக் கொடுக்க மடியில் மறைத்துக்கொண்டுபோன அப்பம் ரோஜா மலராக மாறிய புதுமையை அவர் சுரூபம் எங்கும் காட்டுகிறது. இதே புதுமை அவருடைய பாட்டி முறையான ஹங்கேரி நாட்டு எலிசபெத்தம்மாளைப் பற்றியும் சொல்லப்படுகிறது. குடும்பத்தில் நகை கைமாறுவதுபோல் கதையும் கைமாறியிருக்கலாம். கழுதையின்மேல் ஏறிச் சென்றதற்கு அப்படி இன்னொரு பாட்டி இல்லை.

அவர் கட்டிய மடத்திற்கு மொண்டேகு நதியே பகைவனாயிற்று. 1330-இல் கோவில் நேர்ந்தளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வெள்ளம் உள்ளே புகுந்தது. கன்னியர் கோவிலுக்குள் பாதி உயரத்தில் மேல்தளம் ஒன்று போட்டு அங்கே செபித்தனர். நூற்றாண்டுகள் தோறும் சேறு ஏறிக்கொண்டே வந்தது. இறுதியில் 1677-இல் மடத்தைக் கைவிட்டு, இராணியின் உடலோடு குன்றின்மேல் கட்டிய புதிய மடத்திற்குக் குடிபெயர்ந்தனர். நம் காலத்தில், 1990-களில் தொடங்கி, சேற்றை அகழ்ந்து, நீர் புகாதபடி அணை எழுப்பி, 2009-இல் பழைய மடத்தை மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். தூண்களில் நீர் நின்ற மட்டம் ஒரு கோடாகத் தெரிகிறது. மேலே, புதிய மடத்துக் கோவிலின் நடுப்பீடத்தில், வெள்ளியும் படிகமும் கொண்டு 1614-இல் ஓர் ஆயர் செய்வித்த பேழையில் இராணியின் உடல் இருக்கிறது. ஜூலை 4 இந்நகரின் திருநாள், விடுமுறை நாள். ஒன்றுவிட்டு ஒரு ஆண்டு, இரட்டைப்படை ஆண்டுகளில், சுரூபம் பவனியாகப் பாலத்தைக் கடந்து நகருக்குள் வந்து, சில நாள் தங்கித் திரும்புகிறது. நாம் சென்றது மே மாதம்; ஆகவே பவனி காணக் கொடுத்துவைக்கவில்லை. நம் தாய்மார்கள் பேழையின் எதிரே இரு தெருவாரும் கலந்து முழந்தாளிட்டிருந்ததைக் கண்டோம். இடம் குறுகலானதுதான் காரணம் என்று நினைக்கிறோம்.

அதே நாள் மீண்டும் மேல்நகர் ஏறி, புதிய பேராலயத்தை அடைந்தோம். இதன் முகப்பில் இஞ்ஞாசியார், சவேரியார், பிரான்சிஸ்கு போர்ஜியார், ஞானப்பிரகாசியார் ஆகிய சேசு சபைப் புனிதர் நால்வர் நிற்கிறார்கள். பேராலயத்தில் ஒரே சபையின் புனிதர்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இது சேசு சபையாரின் கல்லூரிக் கோவிலாக 1598-இல் தொடங்கப்பட்டது. 1759-இல் பொம்பால் பிரபு என்ற அமைச்சர் அச்சபையாரை நாட்டிலிருந்தே துரத்தினார். 1772-இல் கோவில் பேராலயமாயிற்று. கல்லூரியோ அதற்கு முன்பே, 1542-இல், சவேரியாரின் தோழர் சீமோன் ரொத்ரீகசால் தொடங்கப்பட்டது. இருவரும் 1540-இல் லிஸ்பனுக்கு வந்தவர்கள். ஒருவரை அரசர் இங்கேயே நிறுத்திக்கொண்டார், மற்றவர் அடுத்த ஆண்டு நம் முத்துக்குளித்துறையை நோக்கிக் கப்பலேறினார். சவேரியார் எழுதிய கடிதங்கள் இந்தக் கல்லூரியில் வாசிக்கப்பட்டன. பின்னொரு நூற்றாண்டில், நம் மறவநாட்டு ஓரியூரில் 1693-இல் தலை கொடுத்த புனித அருளானந்தரும் இங்கே சில காலம் கற்றவர்.

ஆனால் நாம் அந்த முகப்பின் கீழே படியில் அமர்ந்து நம் மக்களுக்குச் சொன்னது, முகப்பில் இல்லாத ஒருவரைப் பற்றி. என்றீக்கே என்றீக்கஸ் என்பது அவர் பெயர். நம் முன்னோர் அண்டிரிக் அடிகளார் என்றனர். 1520-ஐ ஒட்டிப் போர்த்துக்கலில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். அவருடைய முன்னோர் யூதராயிருந்து மனந்திரும்பியவர்கள் என்று தெரிந்ததும் சபையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அக்காலத்தில் அந்நாட்டில் இத்தகையோரைப் "புதுக் கிறிஸ்தவர்" என்று குறித்து ஒதுக்கினர். தலைமுறைகள் சென்றாலும் இரத்தம் சுத்தமில்லை என்றனர். ஆண்டவரும் அவர் தாயும் பன்னிரு அப்போஸ்தலரும் எந்த இரத்தம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கொயிம்பிராவில் திருச்சபைச் சட்டம் கற்ற அவரை, 1545-இல் இந்தக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. இஞ்ஞாசியார் காலத்துச் சேசு சபை அத்தகையோருக்குக் கதவடைக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் கப்பலேறினார். 1547 முதல் முத்துக்குளித்துறை. அதன் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஐரோப்பியருள் தமிழை இலக்கணத்தோடு கற்று, தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணமும் வரைந்தவர் அவர். 1578-இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" 16 பக்கங்களே உள்ள சிறு நூல். ஆயினும் இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு கொச்சியில் "கிரீசித்தியானி வணக்கம்". 1586-இல் புனிதர்களின் சரித்திரம். மதுரையோ சென்னையோ அச்சு எழுத்தைக் காணாத காலம் அது. பள்ளிக்கூடம் காணாத பரதகுலப் பிள்ளைகளின் கைக்கு எட்டட்டும் என்று, இரத்தம் சுத்தமில்லை என்று தள்ளப்பட்டவர் இத்தனையும் செய்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நமக்கும் சொல்ல எளிதாயிருந்திருக்கும். 1593-இல், அண்டிரிக் அடிகளார் முதியவராய்ப் புன்னைக்காயல் பகுதியில் உயிரோடு இருந்தபோதே, அவரை ஏற்ற அதே சபையின் பொதுச் சங்கம், யூத வழிவந்தோரை இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. 1608-இல் அதைச் சற்றுத் தளர்த்தினர். முற்றும் நீக்கியது 1946-இல்தான். இங்கிருந்து இறங்கிப் போகும் வழியில் கீழ்நகரில் "விசாரணை முற்றம்" என்று பெயர் கொண்ட ஓர் இடம் இருக்கிறது. புதுக் கிறிஸ்தவர்கள் மறைவில் யூத முறைகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று துருவிய விசாரணை மன்றம் அங்கே அமர்ந்திருந்தது. போர்த்துக்கலில் இத்தகைய மன்றங்களை ஒழித்தது 1821-இல். இப்போது அங்கே ஓவியக் காட்சிச்சாலை நடக்கிறது. நம் மக்களை அங்கேயும் அழைத்துப் போனோம். குருவானவர் கோவில்களை மட்டும் காட்டிவிட்டு இதைக் காட்டாமல் விடுவது நேர்மையல்ல என்று பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு தவக்காலத்தில், திருச்சபை மக்கள் செய்த இத்தகைய பாவங்களுக்காக உரோமையில் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டியதையும் சொன்னோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தைப் பற்றி நீட்டி எழுத இடமில்லை. எலிசபெத்தம்மாளின் கணவர் 1290-இல் லிஸ்பனில் தொடங்கி, இருமுறை மூன்றுமுறை இங்கும் அங்குமாக மாற்றப்பட்டு, 1537-இல் கொயிம்பிராவில் நிலைபெற்றது. மாணவ மாணவியர் குருமடத்து அங்கிபோல் கறுப்பு மேலாடை போர்த்துத் திரிகிறார்கள். நூற்றாண்டுகளாய் இறையியல் கற்பித்த அப்பல்கலைக்கழகத்தில், 1910-ஆம் ஆண்டுக் குடியரசுப் புரட்சிக்குப் பின் இறையியல் துறை இல்லாமற் போயிற்று. 1717 முதல் 1728 வரை கட்டிய நூலகம் மட்டும் கண்ணைப் பறிக்கிறது. பொன் தீட்டிய மர அலமாரிகள் கூரை வரை எழும்ப, அவற்றின் பின்னே வௌவால்கள் குடியிருக்கின்றன! புத்தகங்களை அரிக்கும் பூச்சிகளை அவை இரவில் பிடித்துத் தின்கின்றன. அவற்றின் எச்சம் விழாதிருக்கப் பணியாளர்கள் மாலையில் மேசைகள்மீது தோல் விரிப்பைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கோவிலில் வௌவாலை விரட்டச் சொல்லி நம்மை நச்சரித்த ஓர் அன்பர் இதை மிகவும் கவனித்துக் கேட்டார்.

அலமாரி, மேசை என்று எழுதினோம். இவை இரண்டும் இந்த ஊர் மொழிச் சொற்களே. சாவி, ஜன்னல், கோப்பை, ஏலம் ஆகியனவும் அவ்வாறே. நம் கோவில்களில் வழங்கும் குருசு, கொம்பிரியார், நற்கருணைக் கிராதி என்பனவும் அங்கிருந்து வந்தவையே. கார்மேல் மடத்துக் கோவிலில் கன்னியருக்கும் மக்களுக்கும் இடையே உள்ள கம்பித் தடுப்பைக் காட்டி அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் "கிராதி" என்பதுபோல் ஏதோ சொன்னபோது, நம் கோவில்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கார்மேல் மடத்தில்தான் பாத்திமா காட்சி கண்ட மூவருள் மூத்தவரான லூசியா 1948 மார்ச்சு 25 முதல் 2005 பிப்ரவரி 13 வரை வாழ்ந்து மறைந்தார். காட்சியின்போது வயது 10; இறக்கும்போது 97. சிறுவரிருவரும் விரைவிலேயே மோட்சம் சென்றனர். இவரோ காத்திருக்க நேர்ந்தது. முதலில் இம்மடத்திலேயே அடக்கம் செய்து, அடுத்த ஆண்டு பாத்திமா பேராலயத்திற்கு மாற்றினர். 2023-இல் அவர் வணக்கத்துக்குரியவராக அறிவிக்கப்பட்டார். மடத்தை அடுத்த நினைவுக் காட்சிச்சாலையில் அவர் பயன்படுத்திய எளிய பொருள்களைக் காணலாம். நம் தாய்மார்கள் அங்கிருந்து நகர மனமின்றி நின்றதால் பேருந்து புறப்பட அரைமணி நேரம் தாமதமாயிற்று.

மாலை ஆறு மணிக்குப் பாலத்தைக் கடந்தோம். செபமாலை முடிந்தது, வழக்கமான அமைதி. சிறிது நேரம் சென்று, இடப்பக்கத்து வரிசையிலிருந்து மேலத்தெரு முதியவர் ஒருவர் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி நம் அருகே வந்தார். கல்லறைச் சுவரைப் பற்றி நாம் பேச்செடுத்தபோதெல்லாம், "அது பெரியவங்க வச்சது சாமி" என்று முடித்துவிடுகிறவர் அவர்.

"சாமி, அந்த அண்டிரிக் சாமியார் எங்க செத்தார்னு சொன்னீங்க?"

"புன்னைக்காயலில். 1600-ஆம் வருஷம்."

"அங்கேயேதான் அடக்கமா?"

"இல்லை ஐயா. தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ப் பனிமய மாதா கோவிலில் அடக்கம் பண்ணினார்கள் என்று எழுதியிருக்கிறது."

"கோவிலுக்குள்ளேயா? பரதவங்க கோவிலுக்குள்ளே?"

"ஆமாம்."

அவர் கொஞ்ச நேரம் வெளியே ஓடும் ஒலிவ மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம் இடத்திற்குத் திரும்பிப் போனார். அங்கே அவர் துண்டைப் போட்டுவிட்டு வந்த இருக்கையில் கீழத்தெருப் பெண்பிள்ளை ஒருத்தி கைக்குழந்தையோடு வாந்தி வருகிறதென்று வந்து ஜன்னலோரமாக அமர்ந்திருந்தாள். "நீ இரும்மா" என்று சொல்லி, அவர் வலப்புற வரிசையில் காலியாயிருந்த அவளுடைய இடத்தில் போய் உட்கார்ந்தார்.